பெரிய டயரும் மைலேஜ் கணக்கும்

ஐயா,

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டிவிட்டு, ‘மைலேஜ் விழுந்துவிட்டது’ என்று புலம்புவோர் பலர். அதில் ஒரு பங்கு, ஓடிய தூரம் காட்டும் மீட்டரின் வேலை. 265/65 ஆர்17 என்ற அளவுள்ள டயரின் விட்டம் 776 மி.மீ.; 285/70 ஆர்17 போட்டால் 831. ஒவ்வொரு சுற்றுக்கும் 7 சதவீதம் கூடுதல் தூரம். சுற்றை மட்டுமே எண்ணும் மீட்டருக்கு அது தெரியாது, 700 கி.மீ. காட்டினால் ஓடியது சுமார் 749. எனவே டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்க்கும்போது மீட்டர் காட்டும் தூரத்தை 1.07-ஆல் பெருக்குங்கள். (ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், கவனம்!)

பெருக்கிய பிறகும் மைலேஜ் குறைந்தால் அது நிஜ இழப்பு. சக்கர எடை கூடியதால் நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் டீசல் கூடுதலாகக் குடிக்கும். முரட்டுப் பட்டன் டயர் என்றால் உருளும்போதே இழுக்கும். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்க வேண்டிவரும். இத்தனைக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) உயர்வது 27 மி.மீ.தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்