பிரேக்கைக் கட்டிவைத்து ஓட்டச் சொல்லும் முதலாளிகளுக்கு

சேலம் வட்டாரத்தில் ஹாய்ஸ்ட்டும் சரக்கு லிஃப்ட்டும் கிரேனும் வைத்துத் தொழில் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருபத்தாறு ஆண்டுகளாக எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என்னிடம் மோட்டார் கொடுத்திருப்பீர்கள், மீதிப் பேர் பாக்கி வைத்திருப்பீர்கள். பாக்கியைக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை.

போன மாதம் ஒரு ஜவ்வரிசிக் கிடங்கிலிருந்து அழைத்தார்கள். மாடிக்கு மூட்டை ஏற்றும் ஹாய்ஸ்ட் உறுமுகிறதாம், ஏற மறுக்கிறதாம். நான் போய்ச் சேர்வதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. "சரியாகிவிட்டது அண்ணே, வந்ததற்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்" என்றான் அங்கே வேலை செய்யும் தம்பி. பார்த்தேன். சுவிட்சிலிருந்து கையை எடுத்த பிறகும் மூட்டை நிற்கவில்லை. ஒரு முழம் நழுவியது, நின்றது, பிறகு விரற்கடை விரற்கடையாக இறங்கியது. நேர் கீழே ஒரு அம்மா குனிந்து சிந்திய ஜவ்வரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அவரை நகர்த்திவிட்டு, மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டு, மெயினை நிறுத்திவிட்டு மேலே ஏறினேன். மோட்டாரின் பின்பக்கம், பிரேக்கைக் கையால் திறக்கும் நெம்புகோலை முழுக்க இழுத்து, செம்புக் கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. கம்பி என் கடையுடையது. வேறெதையோ கட்டக் கேட்டான் என்று முந்தின வாரம் நானே கொடுத்தனுப்பிய சுருள்.

அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. "லாரி காத்திருக்கிறது, எப்படியாவது ஓட்டு" என்று தொலைபேசியில் சொன்னது யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அதனால்தான் அவனுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வகை பிரேக்கை நம் ஆட்கள் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்தால் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். பிடிப்பது ஸ்பிரிங். மின்சாரத்தின் வேலை அதை விடுவிப்பது மட்டும். காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் பாய்ந்தால் காந்தம் ஒரு இரும்புத் தட்டைத் தன்பக்கம் இழுக்கும், உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங் விடுபடும், மோட்டார் சுற்றும். கரண்ட் போனாலும், ஒயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும் ஸ்பிரிங் தட்டைத் தள்ளி அச்சை இறுக்கிப் பிடித்துவிடும். எது கெட்டாலும் சுமை நிற்க வேண்டும் என்று யோசித்துச் செய்த பொருள் அது. நெம்புகோலைக் கட்டுகிறவன் அந்த யோசனை முழுவதையும் ஒரு முறுக்கில் இல்லாமல் செய்துவிடுகிறான்.

அன்றைக்கு ஹாய்ஸ்ட் ஏன் உறுமியது? காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி உண்டு. சிறிய மோட்டார்களில் புதிதாக மாட்டும்போது பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு அந்தந்த பிரேக்கின் கையேட்டில் இருக்கும். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். ஓர் அளவைத் தாண்டினால் காந்தத்தின் கை எட்டாது, தட்டு நகராது. பிடித்த பிரேக்கோடு மோட்டார் மல்லுக்கட்டும், உறுமும், சூடேறும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை மூன்று பக்கமும் விட்டுப் பார்த்தேன். 0.3 இருக்க வேண்டிய இடத்தில் 1.1. ஒரு வருடமாக யாரும் அந்த மூடியைத் திறக்கவில்லை. லைனிங்கில் உயிர் இருந்திருந்தால் இடைவெளியைச் சரிசெய்து அரை மணி நேரத்தில் கிளம்பியிருப்பேன். ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்ததால் புதிதுதான் மாற்ற வேண்டியிருந்தது.

லாரி அன்றைக்கு இரண்டு மணி நேரம் நின்றது. லாரி வாடகைக்காரர் முகம் சுளித்தார். அவ்வளவுதான் நடந்தது.

புதிதாக மாட்டும்போது நடக்கும் தவறுகள் இதைவிட மோசம், ஏனென்றால் அவை பல மாதங்கள் தெரியாமலே இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின் கருவியான டிரைவ் போட்டு ஓட்டும் மோட்டாரில், பிரேக் காயிலுக்கும் அந்த டிரைவின் வெளியீட்டிலிருந்தே இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். வேகம் குறையும்போது டிரைவ் தரும் வோல்டேஜும் குறையும், காயில் பாதி இழுத்து பாதி விடும், லைனிங் உரசிக் கருகும். பிரேக்குக்குத் தனி லைன், மின்சாரத்தை இணைத்து வெட்டும் தனி கான்டாக்டர் வேண்டும். டிரைவ் இல்லாத ஹாய்ஸ்ட்டில் மோட்டார் டெர்மினலிலிருந்தே, ஏசியை டிசியாக்கிக் காயிலுக்குத் தரும் ரெக்டிஃபையருக்கு எடுப்பது இன்னொரு வழக்கம். சுமையோடு இறங்கும் மோட்டார், சுவிட்சை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் தானே மின்சாரம் உண்டாக்கும். அது காயிலைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் மூட்டை எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாய்ஸ்ட் என்றால் ரெக்டிஃபையரின் டிசி பக்கத்தையும் கான்டாக்டர் வெட்டியாக வேண்டும். ஏசி பக்கத்தை மட்டும் வெட்டினால் பிரேக் சோம்பலாகத்தான் விழும்.

காயில் விஷயத்தில் என் தொழில்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். அரை அலை ரெக்டிஃபையரில் 415 வோல்ட் போனால் ஏறக்குறைய 187 டிசி வரும். 230 போனால் 103. எரிந்த காயிலின் சுற்றையும் கம்பித் தடிமனையும் எண்ணாமல், கையில் இருக்கும் கம்பியைச் சுற்றிக் கொடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? நானும் ஆரம்ப காலத்தில் அப்படி ஒன்று சுற்றியிருக்கிறேன். மூன்றாம் நாள் புகைந்து திரும்பி வந்தது. காசு வாங்கவில்லை.

பழைய பிரேக்குக்குப் பதில் "அளவு பொருந்துகிறது" என்று சின்னதை மாட்டுவதும் உண்டு. 7.5 குதிரைத்திறன் மோட்டார், அதாவது 5.5 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடினால் அச்சில் சுமார் 36 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை இருக்கும். தூக்கும் வேலைக்கு பிரேக் அதைப்போல் ஒன்றரை மடங்காவது பிடிக்க வேண்டும். துளை பொருந்துவது வேறு, பிடிமானம் வேறு. பிடிக்கவில்லை என்று ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போடுவது அதைவிட வினை. காந்தம் இழுக்கத் திணறி மறுபடி உறுமல்தான்.

லைனிங்கில் எண்ணெய் பட்டால் பெட்ரோலில் கழுவி மாட்டச் சொல்கிறீர்கள். உள்ளே ஊறிய எண்ணெய் சூட்டில் திரும்ப வெளியே வரும், மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய கிரேன்களின் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஆகவே அந்தத் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். பிரேக்கைக் கழற்றும்போது சுமையைப் பிடித்திருக்க வேறெதுவும் கிடையாது. கொக்கியில் எதுவும் தொங்கக் கூடாது, தொங்குவதை இறக்கவே முடியாதென்றால் தனியாக முட்டுக் கொடுத்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்ட வேண்டும். மூன்று ஃபேஸிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். டிரைவ் இருந்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் நிமிடக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும், நிறுத்திய பின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். பூட்டின் சாவி, உள்ளே கை விட்டிருப்பவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மேனேஜர் மேசையில் இருந்தால் போதாது. "ஒரே நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கீழே இருந்து யாரோ பட்டனை அழுத்தியதில் என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவனின் ஆள்காட்டி விரல் நுனி போனது. இப்போது அவன் கைபேசிக் கடை வைத்திருக்கிறான்.

சட்டம் புதிதாக எதுவும் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவே லிஃப்ட்டையும் ஹாய்ஸ்ட்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு முழுமையாகச் சோதிக்கச் சொன்னது. 29-ஆம் பிரிவு கிரேன் போன்ற தூக்கும் இயந்திரங்களுக்கு 12 மாதம் என்றது. "எங்களிடம் பத்துப் பேர்கூட இல்லை, அதெல்லாம் பெரிய ஆலைகளுக்கு" என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார். மேலிருந்து வரும் மூட்டை கீழே எத்தனை பேர் என்று எண்ணிவிட்டா விழுகிறது?

ஆயுத பூஜை வருகிறது. எப்படியும் இயந்திரங்களை நிறுத்திக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பீர்கள், மோட்டாரின் பின்மூடியில்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். அதற்கு முந்தின நாள் அந்த மூடியைத் திறக்க எனக்கோ உங்கள் எலக்ட்ரீஷியனுக்கோ அரை நாள் கொடுங்கள். இடைவெளியை அளந்து, லைனிங்கைப் பார்த்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மூடிக்குள்ளேயே ஒட்டுகிறோம். மாட்டிய பிறகு முதலில் வெறுங்கொக்கியோடு ஓட்டிப் பார்ப்போம். பிறகு முழுச் சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அது நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். நகரவில்லை என்றால் பொட்டு வைக்கலாம். அதுவரை சாவி என் பையில் இருக்கும், கேட்டு ஆள் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை ரீவைண்டிங்காரன்