கூம்பு வைத்த வள்ளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

படியும் வள்ளமும் புழங்கிய காலத்தில் அளவில் ஏமாற்றே கிடையாது, கிலோ வந்துதான் எல்லாம் கெட்டது என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கடலைக்காய் ஆய்ந்து கூலி வாங்கியவராக இருக்க முடியாது.

எங்கள் பெருந்துறைப் பக்கம் நாலு படி ஒரு வள்ளம். 1972-ல் எனக்கு 15 வயது. செடி பிடுங்கிப் போட்ட காட்டில் அம்மாவோடு உட்கார்ந்து காய் ஆய்வேன். 12 வள்ளம் தோட்டத்துக்காரருக்கு, பதின்மூன்றாவது எங்களுக்கு. பொழுது சாய அளக்க வருவார். தனக்கு அளக்கும்போது வள்ளத்தைக் குலுக்கி, காலால் ஒரு தட்டுத் தட்டி, மேலே கூம்பு வைப்பார். சரிந்து விழும் காயைத் திரும்ப அள்ளிப் போடச் சொல்வார். எங்கள் முறை வந்தால் குலுக்கல் கிடையாது. மெதுவாகக் கொட்டித் தலை வழித்துவிடுவார். வள்ளம் என்னவோ அதேதான். "எங்களுதுக்கும் கொஞ்சம் கூம்பு வெய்ங்க" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். மறுநாள் எங்களுக்கு அந்தக் காட்டில் வேலை இல்லை.

இத்தனைக்கும் 1962 ஏப்ரலிலேயே கிலோ எடை கட்டாயமாகிவிட்டது. கடைவீதிவரை வந்த சட்டத்துக்குக் காட்டுக்கு வழி தெரியவில்லை போலும். இங்கிலாந்தில் 1835-லேயே கூம்பளவைச் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள் என்கிறாள் வரலாறு படிக்கும் என் பேத்தி. அங்கேயும் யாரோ எங்களைப் போல வயிறெரிந்திருப்பார்கள்.

பழங்கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் இன்றைக்கும் காய் ஆய்கிற பெண்களுக்குக் கூலி வாளிக் கணக்கில். வள்ளம் போய் பெயிண்ட் வாளி வந்திருக்கிறது, அவ்வளவுதான். படிக்காவது முத்திரை குத்துவார்கள், பெயிண்ட் வாளிக்கு எவர் குத்துவது? கூம்பு மட்டும் மாறவே இல்லை.

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் வாங்கல் விற்றலோடு நிற்பதில்லை. செய்த வேலையையும் அதற்கான கூலியையும் கணக்கிடுவதற்கும் அது பொருந்தும். இதையும் பேத்திதான் படித்துக் காட்டினாள். கடைத் தராசைச் சோதிக்கிற முத்திரை ஆய்வாளர்கள் கார்த்திகையில் கடலை பிடுங்கும்போது எங்கள் காட்டுப் பக்கமும் ஒரு நடை வர வேண்டும். சாயங்காலம், வாளி அளக்கிற நேரத்துக்கு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருந்துறை வட்டம்