எழுத்தறிவுத் தேர்வு நடத்துவோருக்கும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதைக் கடந்தவர்களுக்காக 2022 முதல் செயல்பட்டு வரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தை நம் மாநிலத்தில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் நடத்தி வருகிறது. இதன் நிறைவுத் தேர்வில் படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50 வீதம் 150 மதிப்பெண்கள். வினாத்தாள் ஒன்றாக இருந்தாலும் அதை நடத்தும் முறை அறைக்கு அறை மாறுகிறது என்பதைப் பணியில் இருந்த காலத்தில் ஒரு மையத்தின் பொறுப்பாளராக நேரில் கண்டேன். பணி ஓய்வுக்குப் பிறகும் அந்த உறுத்தல் போகாததால் இதை எழுதுகிறேன்.

படித்தல் பகுதியில் ஒரு சிறு பத்தியும் அதன் கீழே சில வினாக்களும் இருந்தன. ஓர் அறையில் இருந்த ஆசிரியை, வந்திருந்தவர்கள் வயதானவர்களாயிற்றே என்று இரங்கி, அந்தப் பத்தியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். காதால் கேட்டதை வைத்தே அத்தனை பேரும் விடை எழுதினார்கள். அடுத்த அறையிலோ, “நீங்களே படித்துப் பாருங்கள்” என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லப்படவில்லை. எண்ணறிவுப் பகுதியிலும் இதே கதைதான். நூறிலிருந்து அறுபத்தைந்தைக் கழிக்கும் கணக்கைத் தாளில் பார்த்துத் திகைத்து நின்ற ஒரு பூக்கார அம்மாள், “நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து அறுபத்தைந்து ரூபாய்க்குப் பூ வாங்கினால் மீதி எவ்வளவு தருவீர்கள்?” என்று கண்காணிப்பாளர் கேட்டதும் நொடியில் விடை சொன்னார். பக்கத்து அறையில் அதே கணக்கைப் பலர் வெற்றிடமாக விட்டிருந்தார்கள். அவர்களிலும் அன்றாடம் சில்லறை எண்ணிக் கொடுப்பவர்கள் இருந்திருப்பார்கள். கணக்கை இப்படிக் கதையாக்கிக் கேட்கலாமா கூடாதா என்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு; கேட்கலாம் என்பதே அது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டிய இடம் தேர்வு அறை அன்று.

திருத்தும்போதும் இதுவே நேர்ந்தது. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று, தம் ஊர் வழக்கில் உச்சரிப்பது போலவே எழுதியவருக்கு ஒருவர் முழு மதிப்பெண் தந்தார், ஒருவர் பாதி தந்தார், இன்னொருவர் சுழியம் போட்டார். மூவரும் அனுபவமுள்ள ஆசிரியர்களே. எனவே இதில் எவரையும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. வினாத்தாள் கட்டும் வருகைப் பதிவும்தான் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

ஊதியம் ஏதும் பெறாமல் மாலை நேரங்களில் திண்ணையிலும் பள்ளி வகுப்பறையிலும் கற்பித்த தன்னார்வலரே சில இடங்களில் தேர்வு அறையிலும் உடனிருக்கிறார். தாம் கைபிடித்து எழுதப் பழக்கிய ஒருவர் தடுமாறும்போது முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்காமல் இருக்க அவரால் எப்படி முடியும்? அவரை வேறு மையத்துக்கு மாற்றி அமர்த்துவதே அவருக்கும் நல்லது.

ஆகவே, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஒருநாள் பயிற்சி தர வேண்டும் என இயக்ககத்தைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, எவ்வளவு நேரம் பொறுத்திருந்து அடுத்த வினாவுக்குப் போகச் சொல்லலாம், உடன் வந்த பேரப்பிள்ளைகளை எங்கே அமர வைப்பது, கண்ணாடி கொண்டு வராதவருக்கு என்ன ஏற்பாடு என்பன போன்றவற்றை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டு, அதிலுள்ள அறிவிப்பை ஒரு சொல்லும் மாறாமல் வாசிக்கப் பழக்க வேண்டும். அதைவிட முக்கியமானது திருத்தும் பயிற்சி. பழைய விடைத்தாள்களில் பத்தைப் பெயர் நீக்கிப் படியெடுத்து, வந்திருக்கும் அனைவரும் தனித்தனியே திருத்திய பின், மதிப்பெண்களைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால், எங்கே வேறுபடுகிறோம் என்பது அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடும். பிறகு விதியை விளக்கினால் அது மனத்தில் நிற்கும்.

என் தாயார் கடைசிவரை கைநாட்டு வைத்தவர். அறுபது வயதில் நடுங்கும் விரலால் பென்சில் பிடித்துத் தேர்வெழுத வருபவர்களைப் பார்க்கும்போது அவர் நினைவு வரும். வேலையையும் அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வரும் அவர்களுக்குக் கிடைக்கும் சான்றிதழ், எந்த அறையில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்து அமையலாகாது. அடுத்த தேர்வு அறிவிப்பிலேயே இந்தப் பயிற்சிக்கான நாளும் இடம்பெற வேண்டும். பயிற்சிக்கு வராதவரை அறைக் கண்காணிப்பாளராக அமர்த்துவதில்லை என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
தருமபுரி மாவட்டம்.