கிணற்றை மூடிவிடாதே

மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். நேற்று நம் நண்பன் 'தாடி' போன் பண்ணினான். திருவான்மியூர் வீட்டு உறைக்கிணற்றை மூடிவிட்டு கார் நிறுத்தப் போகிறாயாமே, போர்வெல்லையும் 300 அடிக்கு இறக்குகிறாயாமே! சிக்கனத்துக்குப் பேர்போன நீயா இப்படி? முன்பணம் கொடுக்குமுன் இதைப் படி.

அது கடலோர மணல் பூமி. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். ஆழத்தில் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நீயே அதை மேலே இழுக்கிறாய். உப்பேறிய மண்ணைக் கழுவி எடுக்கப் பல மழைக்காலம் வேண்டும். உன் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அனுபவிப்பார்.

உன் மொட்டைமாடி 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சென்னைக்கு வருஷ சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆவியும் சிதறலும் போக 80 சதவீதம் பிடித்தாலே 1,24,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து நடை! 2003-இல் சட்டம் போட்டு எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்புக் குழாய் மாட்ட வைத்தார்கள். இன்று எத்தனை வீட்டில் அந்தக் குழாய் தெருவைப் பார்த்து நிற்கிறது, வயிறு எரிகிறது.

மாடி மழையைக் கிணற்றில் இறக்க, செய்ய வேண்டியது இதுதான். மாடித் தண்ணீர் இறங்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்களை ஒன்றாகச் சேர். கீழே ஒரு 'T' வடிவ இணைப்பு போட்டு வால்வு வை. சீசனின் முதல் மழையில் கால்மணி நேரம் அதைத் திறந்துவிட்டால் தூசியும் காக்கை எச்சமும் வெளியே போய்விடும். அடுத்து மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழத்தில் செங்கல் தொட்டி. அடியில் ஓரடி 40 எம்எம் ஜல்லி, மேலே ஓரடி 20 எம்எம், அதன்மேல் நைலான் வலை, அரையடி பருமணல். வலையை விட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி வெளிக்குழாயை அடைத்துவிடும். தொட்டி அடியிலிருந்து கிணற்றுக்குக் குழாய் போகும்போது கிணற்றுக்குள் இரண்டடி நீட்டு. சுவரோடு வழிந்தால் உறைகளுக்கு நடுவே மண் அரிக்கும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது மணல்தான். மேலே வண்டல் படிந்து தண்ணீர் இறங்காது, ஆள் 'ஃபில்டர் வேலை செய்யலை' என்று இணைப்பைக் கழற்றிவிடுவான். செப்டம்பரில் மேல் இரண்டு அங்குல மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். தொட்டிக்கு மேல்மட்டத்தில் ஒரு வழிகுழாயும் வேண்டும், ஐப்பசிப் பேய்மழையை அந்த மணல் தாங்காது. வாஷிங் மெஷின் தண்ணீரையோ தெருத் தண்ணீரையோ தயவுசெய்து இதில் சேர்க்காதே.

2019 ஜூலையில் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகன் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். உன் மாடி போல இருபது மாடி ஒரு வருஷத்தில் பிடிப்பது அவ்வளவு. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் மறுபடி வறண்டால் உன் தெருவில் கிணறு உள்ளவன்தான் தப்பிப்பான். அதை மூடினால் எனக்கு நிஜமாகவே மனசு தாங்காது.

காரைத் தெருவோரம் நிறுத்து. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைத் தாடியிடம் கொடுத்தனுப்புகிறேன்; கிணற்றுத் தண்ணீரை இப்போது ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை அளந்து இரண்டையும் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்