விளக்கைப் பார்த்த அண்ணனுக்கு

வெளிச்சம் கூசிக் கண்ணையே திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்த என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். பகலில் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறான், ஜன்னல் திரையைத் தானே பாதி விலக்கிக்கொள்கிறான். விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டால் அது வெறும் மரியாதையாகிவிடும்.

என் பெரிய நன்றி, வார்டில் ஃபேன் ஓடவில்லை என்று பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

அவர் வந்தபோது தம்பி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தான். அதற்கு முன்னால் வந்த ஒவ்வொருவரும் டார்ச்சோடு வந்து, "கண்ணைத் திறப்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, அவன் தலையைத் திருப்ப, இவர்கள் இமையைப் பிடிக்க, அவன் கையை வீச, கடைசியில் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு) இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாகிவிட்டது. கண் கூசுகிறதா, ஆட்டிசம். சாப்பிடவில்லையா, ஆட்டிசம். முகத்தைச் சுளிக்கிறானா, அதுவும் ஆட்டிசம்.

அண்ணன் ஏணியில் ஏறி ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, "ஏம்மா, தம்பிக்கு இந்த டியூப்லைட் ஆகலையா?" என்று கேட்டார். எப்படி அண்ணா தெரியும் என்றேன். ஃபேன் வேலைக்காக அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்தபோது போர்வை கொஞ்சம் கீழே இறங்கியதாம், போட்டதும் மறுபடி மேலே போனதாம். மேலே இருந்து பார்த்ததால் தெரிந்தது என்று சாதாரணமாகச் சொன்னார். அத்தனை பேர் கட்டிலைச் சுற்றி நின்று தம்பியின் கண்ணைப் பார்த்திருக்கிறோம், விளக்கைப் பார்த்தவர் அவர்தான்.

இறங்கி வந்து தன் போனில் கேமராவைத் திறந்து கட்டிலுக்கு நேர் மேலே இருந்த விளக்கைக் காட்டினார். திரையில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அடுத்த விளக்கைக் காட்டினார், பட்டை இல்லை. "இது பழைய சோக்கும்மா, நமக்குத் தெரியாது, ஆனா விட்டு விட்டுதான் எரியுது. இரைச்சலும் இருக்கு, கேக்குதா?" எனக்குக் கேட்கவில்லை. தம்பி போர்வைக்குள்ளிருந்து கட்டை விரலை மட்டும் வெளியே நீட்டி உயர்த்திக் காட்டினான். பதற்றமாக இருக்கும்போது அவனால் பேச முடியாது, அந்த விரல்தான் அவன் பேச்சு. அவனுக்குக் கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று) மின்சாரத்தில் பழைய காந்தச் சோக் (டியூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போட்ட டியூப்லைட்டின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. பெரும்பாலானவர்களுக்கு இது ஒரே சீரான வெளிச்சமாகத் தெரியும். எலக்ட்ரானிக் சோக் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் இயங்குவதால் அந்தத் துடிப்பு தொந்தரவு தருவதில்லை. 1989-இல் பிரிட்டனில் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். விளக்குகளை இப்படி வேகமாக இயங்கும் அதிக அதிர்வெண்ணுக்கு மாற்றியதும் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே போய்விட்டன. இத்தனைக்கும் அவர்கள் கண் கூச்சம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை, தினமும் வேலைக்குப் போய் வந்தவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், ஒளியும் ஒலியும் வடிகட்டப்படாமல் உள்ளே போகிற ஒரு பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆட்டிசம் உள்ள பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இந்தத் துடிப்பைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசிவருகிறார். எல்.இ.டி. வாங்கிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் பாகம்) மட்டமாக இருந்தால் அதுவும் துடிக்கும், அதையும் போன் கேமராவை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

சரி, அண்ணனிடம் திரும்பி வருகிறேன். அந்த வரிசை விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். மற்ற நோயாளிகளை இருட்டில் வைக்க முடியாது. அவர் சிஸ்டரிடம் போய்க் கேட்டு அனுமதி வாங்கிவந்து, தம்பியின் தலைமாட்டுப் பக்கம் வராமல் கால்மாட்டில் நின்றுகொண்டு, "தம்பி, இப்ப லைட்ட நிறுத்தப்போறேன். அப்புறம் ஏணி சத்தம் வரும். டியூபைக் கழட்டிட்டுச் சொல்றேன்" என்றார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துபோயிருந்தேன், அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

டியூபைக் கழற்றிவிட்டுப் போனவர், சாயங்காலம் ஸ்டோரிலிருந்து எலக்ட்ரானிக் சோக் போட்ட வேறு டியூப்லைட் பட்டியோடு வந்தார். அதைக் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டாமல் கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் சுவரில் பட்டு வருகிற மாதிரி மாட்டினார். முடித்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார், என்னிடம் இல்லை: "இப்பப் பரவாயில்லையா?" போர்வை மூக்குவரை இறங்கியது. கண் திறந்தது. இடுக்கிக்கொண்டுதான் பார்த்தான், ஆனாலும் பார்த்தான். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரிதான் ஒரு இளம் டாக்டரம்மாவால் அவன் கண்ணைச் சரியாகப் பார்க்க முடிந்தது. மங்கலான வெளிச்சத்தில், தள்ளி நின்று, தொடாமல். அவன் என்னென்ன சாப்பிடுவான் என்று கேட்டார். அந்தப் பட்டியல் ரொம்பச் சின்னது. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மங்கலான வெளிச்சத்தில் பார்வை போகும், அப்புறம் கண்ணின் மேற்பரப்பு வறண்டு புண்ணாகத் தொடங்கும், அந்த நிலையில் வெளிச்சம் பட்டாலே வலிக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அதாவது அவன் கண் கூச்சத்தில் ஒரு பகுதி எப்போதும் அவனோடு இருப்பது, இன்னொரு பகுதி மருந்து கொடுத்தால் போகக்கூடிய நோய். இரண்டையும் ஆட்டிசம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்தார்கள். அந்த மூட்டை அவிழ்ந்தது அவன் கண்ணைத் திறந்ததால். கண்ணைத் திறந்தது அண்ணன் ஏணியில் ஏறியதால். (இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். அளவு கூடினால் கல்லீரல்வரை கெடுக்கும். டாக்டர் பார்த்து, அளந்துதான் கொடுக்க வேண்டும்.)

டாக்டரம்மாவுக்கும், ராத்திரி டியூட்டியில் கதவோரத்து விளக்கை அட்டை வைத்து மறைத்த சிஸ்டருக்கும், தன் ஜன்னலோரக் கட்டிலைக் கேட்காமலேயே மாற்றிக்கொள்ள முன்வந்த பெரியவருக்கும் (தம்பிக்கு ஜன்னல் பக்கமே ஆகாது என்று சொன்னதும் தன் கட்டில் திரையை இழுத்துவிட்டார்), விளிம்பு வைத்த தொப்பி கொண்டுவந்த நண்பர்களுக்கும், ரத்தம் எடுக்கும்போது பாட்டுப் போட்ட லேப் பையனுக்கும், வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட சித்திக்கும் நன்றி. எதையும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு கண்ணாடி சோதித்துப் பார்த்தவருக்கும் தனியாக ஒரு நன்றி. கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குப் பல காரணங்கள் இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பவர் சரியில்லை என்றால் இடுக்கும்போது கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அதனால் இடுக்குவார்கள். வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடினால் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகுகிற மாறுகண் இருக்கலாம். இதெல்லாம் ஆட்டிசம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால், கூச்சம்தான் என்று விட்டுவிடாமல் சோதிக்கச் சொன்னார். வீட்டுக்குள் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் இன்னும் ஏறும் என்றும் எச்சரித்தார். இது எனக்குப் புதிது. வெளியே தொப்பியும் கண்ணாடியும், உள்ளே மட்டான நேரடியில்லாத வெளிச்சம், அப்படித்தான் இப்போது போகிறது.

"மினுங்குற லைட்டையே மணிக்கணக்கா பாக்குறானே, அவனுக்கா கூசுது?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். ஆட்டிசத்தைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் 2013 பதிப்பில் புலன் வேறுபாடுகள் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. புலன் கூடுதலாக எதிர்வினை செய்வதும் அங்கே இருக்கிறது, குறைவாகச் செய்வதும் இருக்கிறது, விளக்குகளின்மேல் தீராத ஈர்ப்பும் அதே வரியில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரு வெளிச்சம் சந்தோஷமாகவும் இன்னொன்று வலியாகவும் இருக்கலாம். தானாகத் தேர்ந்தெடுத்து, வேண்டும்போது திரும்பிக்கொள்ளக்கூடிய வெளிச்சமும், கட்டிலில் கிடக்கும்போது தலைக்கு மேல் விடிய விடிய எரியும் வெளிச்சமும் ஒன்றா?

இனி ஒரு காரியம் செய்யப்போகிறேன். தம்பியின் பைலில் முதல் பக்கமாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தில். நேர் மேலே விளக்கு வேண்டாம், டார்ச் அடிக்கும் முன் சொல்லுங்கள், தொடும் முன் சொல்லுங்கள், கண்ணைச் சுருக்கினால் அது கோபமில்லை, பேசாவிட்டால் விரலைப் பாருங்கள். யார் கேட்டாலும் அந்தத் தாளை அனுப்புகிறேன், உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வார்டில் மீதியிருக்கும் பழைய சோக்குகளை மாற்றித்தரச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியவில்லை. உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது படித்துக்காட்டட்டும். தம்பியிடம் உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். டேப்லெட்டில் அவன் தட்டியதை அப்படியே போடுகிறேன்: "ஃபேன் சரியாயிடுச்சா?"