டீச்சரம்மாவின் நினைவு மலர் குறித்து ஒரு திறந்த மடல்

குடியாத்தம் வட்டாரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியை நடத்திவரும் திருச்சபையின் குருசேகர மன்றத்தாருக்கும், பள்ளி நிர்வாகத்தாருக்கும், நினைவு மலர் தயாரிக்கும் முன்னாள் மாணவர் குழுவினருக்கும்,

வணக்கம். அண்மையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் டீச்சரம்மாவின் நினைவாக மலர் ஒன்று வெளியிடவும், பள்ளி வாசலில் அவர் பெயரால் வளைவு எழுப்பவும் நீங்கள் எடுத்திருக்கும் முயற்சியை அறிந்து மகிழ்ந்தேன். மலருக்காக எழுதப்பட்ட இரண்டு வரைவுகளையும் படித்தேன். திருச்சபையின் சார்பில் எழுதப்பட்டதில், அவர் ஞாயிறு பள்ளி நடத்தியவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தூண், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதல் ஆளாக நிற்பவர், கீர்த்தனைகளை ராகம் பிசகாமல் பாடியவர். பள்ளிக்கூடம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. முன்னாள் மாணவர்கள் எழுதியதிலோ அவர் சாதி மதம் கடந்த ஆசிரியை. வேதப்புத்தகம், ஆலயம், ஞாயிற்றுக்கிழமை எதுவுமே அதில் இல்லை. டீச்சரம்மா மதத்தைக் கடந்தவர் அல்லர். அதற்குள்ளேயே முழுமையாக வாழ்ந்தவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவருவதில் அவருக்கிருந்த பிடிவாதம் அங்கிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன். ஆகவே, அவரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் அன்று பீடி சுற்றாத வீடு அரிது. பீடிக் கம்பெனியின் ஏஜெண்டு நிறுத்துக் கொடுக்கும் இலையையும் புகையிலைத் தூளையும் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவாக வெட்டி, சுற்றி, 25 பீடி கொண்ட கட்டுகளாகக் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாக்கள் சுற்றிப் போடப் போட, பிள்ளைகளாகிய நாங்கள் முனை மடக்குவோம். சில வீடுகளில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளையே ஏஜெண்டின் வீட்டில் போய் உட்கார்ந்து வேலை செய்யும் நிலையும் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பீடி சுற்றுவதைத் தடை செய்யப்பட்ட வேலைகளின் அட்டவணையில் சேர்த்தது. ஆனால், குடும்பத்தாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் தாமே நடத்தும் வேலைக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. எங்கள் பக்கத்தில் பீடி வேலை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தபடியால், அந்தச் சட்டத்தால் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியவில்லை.

டீச்சரம்மா நுழைந்தார். மாலையில் பள்ளி விட்டதும், அன்றைக்கு வராத பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். "இன்னா டீச்சரம்மா, பொண்ணு படிச்சி இன்னா பண்ணப்போறா?" என்று கேட்ட என் தாயாரிடம், "நான் இன்னா பண்றேன்னு தெனம் பாத்துக்கினுதானே கீற?" என்று அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உபதேசம் செய்ததில்லை, கணக்குதான் போட்டுக் காட்டுவார். பிள்ளை மடக்கும் முனைகளால் ஒரு வாரத்தில் வீட்டுக்கு எவ்வளவு கூடுதலாக வருகிறது, கழிவு என்று ஏஜெண்டு ஒதுக்கித் தள்ளுவதில் எவ்வளவு போகிறது என்று அவர் சிலேட்டில் எழுதிக் காட்டியபோது, என் தாயாருக்குப் பிள்ளையின் படிப்பைவிட அந்தக் கழிவுக் கணக்குதான் முதலில் உறைத்தது. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் 1976-இல் வந்ததுதான். அந்த நிதியிலிருந்து தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்பதைத் தெருவில் முதலில் சொன்னவர் அவரே. அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு, இவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்க ஏஜெண்டுகள் எளிதில் முன்வர மாட்டார்கள். அந்தக் கையெழுத்துகளுக்காக அவர் அலைந்த அலைச்சலைப் பற்றி இரண்டு வரைவுகளிலும் ஒரு சொல் இல்லை.

அவர் நிரப்பிய படிவங்களில் இன்னொரு வகையும் உண்டு. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியருக்கு எழுதும் மனுக்கள் அவருடைய கையெழுத்தில்தான் போகும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. காலனியில் ஒரே தெருவில், ஒரே உறவுமுறையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர் என்று மனு எழுதிக் கொடுத்த டீச்சரம்மாவின் சொந்தப் பிள்ளைகள், தமிழ்நாட்டுப் பட்டியலின்படி பிற்படுத்தப்பட்டோர். பெயரை மட்டும் இந்துப் பெயராக வைத்துக்கொண்டால் போதும் என்று அவருக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு என்பது காலனியில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைச் செய்யவில்லை. அதற்கான விலையையும் யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. விசுவாசம் என்று திருச்சபை வரைவு பொதுவாக எழுதிச் செல்லும் இடத்தில், இந்தச் செய்தி ஒன்றையாவது சேர்க்க வேண்டுகிறேன்.

பள்ளியில் அவர் எங்களுக்கு மதம் போதித்தாரா என்ற கேள்விக்கு மலர் நேராகவே பதில் சொல்லலாம். அரசு உதவி பெறும் பள்ளியில், இசைவு இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் பங்குபெறச் செய்யக் கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும் நேரத்தில், மற்றவர்களுக்கு நீதிபோதனை நடந்தது. எங்களுக்கு ஆத்திசூடி, திருக்குறள். ஊரில் சிலர் சந்தேகத்தோடு பார்த்ததும், அதற்கு நேர்மாறாக, பள்ளியை வைத்துக்கொண்டு ஓர் ஆத்துமாவையாவது கொண்டுவந்தாரா என்று சபையிலேயே சிலர் குறைபட்டதும் ஒரே காலத்தில் நடந்தன. இரண்டு பக்கத்துக்கும் அவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. உயரப்படி எங்களை வரிசையாக உட்காரவைத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கும் காலனிப் பிள்ளைகளுக்கும் ஒரே பானை, ஒரே தம்ளர். அதற்காகச் சில வீட்டார் பிள்ளைகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். பானை அதே இடத்தில் இருந்தது, பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள்.

பிரம்பையும் மலரில் எழுதுங்கள். அவர் அடித்தார், வாய்ப்பாடு தவறினால் உள்ளங்கை சிவக்கும். இன்றைக்கு அதை யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். அதை மறைத்துவிட்டு அன்பே உருவானவர் என்று எழுதினால், அவரிடம் படித்தவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

நம் பகுதியின் மிஷன் வரலாறு என்றால் நமக்கெல்லாம் தெரிந்தது அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிகளான ஸ்கடர் குடும்பம்தான். 1853-இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷன், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், 1918-இல் அவர் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆகியவற்றுக்கு நூல்களும் சிலைகளும் உண்டு. யாருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரீசுக் கல்லூரியில் படித்தவர் என்பதும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால், ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பகலில் எழுத்தும் இரவில் ஜெபமும் நடத்திய நம் சொந்த ஊர் ஆசிரியர்களுக்குப் பள்ளிப் பதிவேடுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்தப் பதிவேடுகள்தான் எனக்கு முக்கியம். தலைமையாசிரியர் அறை மர அலமாரியில் அவை இருக்கின்றன. வட ஆர்க்காடு, வட ஆர்க்காடு அம்பேத்கர், வேலூர் என்று மாவட்டத்தின் பெயர் அட்டைக்கு அட்டை மாறிக்கொண்டே வரும். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளைச் சேர்க்கும்போது பல பள்ளிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஜூன் மாதத்தில் ஒரு தேதி போடுவார்கள். டீச்சரம்மா, வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னால் பிறந்ததா, பின்னால் பிறந்ததா என்று தாயாரிடம் விசாரித்து, முடிந்தவரை நெருக்கமாக எழுதுவார். பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற பத்தியில் வழக்கமாக "பெற்றோர் விருப்பம்" என்று எழுதுவது சௌகரியம். அவரோ "பீடி வேலை", "முன்பணம்", "திருமணம்" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். ஆய்வுக்கு வந்த அலுவலர்கள் அதற்காக முகம் சுளித்திருக்கக்கூடும். எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான ஆவணம் வேறு இல்லை.

கரையான் பிடிக்கும் முன் அவற்றைப் படியெடுத்துக் காப்பாற்றுங்கள். பிள்ளைகளின் பெயர்களையும் சாதிப் பத்தியையும் மலரில் அச்சிட வேண்டாம்; காரணங்களை மட்டும், ஆண்டு வாரியாக, டீச்சரம்மாவின் கையெழுத்திலேயே படமாகப் போட்டால் போதும். அன்று திண்ணையில் அவரோடு வாதாடிய தாய்மார்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஆலயத்துக்கும் வராதவர்கள், பழைய மாணவர் கூட்டத்துக்கும் வராதவர்கள். அவர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வளைவு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெயர் வாசலில் இருப்பது நல்லதே. அதைச் சிறிதாகக் கட்டி, மிஞ்சும் தொகையில், ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் காலத்தில் உதவித்தொகைப் படிவங்களையும் சான்றிதழ் மனுக்களையும் இலவசமாக நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளை அமர்த்தலாம். இன்று எல்லாம் கணினி வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், எங்கள் தெருவுக்கு அந்த உதவி முன்பைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலைக்கு நானும் என்னோடு படித்த சிலரும் வரத் தயாராக இருக்கிறோம். அலமாரியைத் திறந்து பார்க்க அனுமதித்து, மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதி, அதன் நகலைத் தலைமையாசிரியருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி