சோப்பு போட்டு ஏற்றிய வளையல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் கேட்டால் "சாப்பிட்டேன்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது பாத்திரம் துலக்கக் கையை நீட்டினாய். கவரிங் வளையல் தானாகக் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. போன வருஷம் சோப்பு போட்டு ஏற்றிய வளையல் அது. சட்டென்று எடுத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் கவனிக்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

எட்டாம் வகுப்பு லீவில் சித்தி கல்யாணத்துக்குப் பாவாடை சட்டை தைக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அளவு எடுக்கும்போது, "இந்த வயசுலயே இப்படி ஊதினா எப்படிடீ" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னது நான்தான். அன்று மத்தியானம் நீ இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை. அதைக்கூட, பிள்ளைக்கு என்ன கட்டுப்பாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிச்சிடு கண்ணு.

இது உன் பிடிவாதம் இல்லை. பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. பூசினாற்போல் இருப்பதுதான் அதுவரை அங்கே அழகு. இளைப்பதற்காக வாந்தி எடுப்பதாக அப்போது பள்ளிக்கூடப் பெண்கள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998-ல் கேட்டபோது நூற்றுக்குப் 11 பேர் சொன்னார்கள். மூன்று வருஷ டிவிக்கே அப்படி. உன் கையில் நாள் முழுக்கப் போன் இருக்கிறது. கூடவே என் வாயும் இருந்தது.

நாள் தள்ளிப்போகிறது என்றாய், பரீட்சை டென்ஷன் என்றாய். டாக்டரிடம் விசாரித்தேன். சாப்பாடு ரொம்பக் குறைந்தால் உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துவிடுமாம். மாதவிடாய் நிற்பது வெளியே தெரிகிறது. அதே ஈஸ்ட்ரோஜன் காத்துவந்த எலும்பு கரைவது தெரியாது. பெண்ணுக்குப் 18 வயதுக்குள் எலும்பின் வலுவில் ஏறக்குறைய 90 சதவீதம் சேர்ந்துவிட வேண்டும். உனக்கு இப்போது 17. அப்பத்தா பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்ததே, அது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது.

உன் வயதுக்கு ஒரு நாளைக்கு 1050 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 240 இருக்கும், நூறு கிராம் கேழ்வரகில் 340. நீ பாலை நிறுத்திக் கடுங்காப்பிக்கு மாறிவிட்டாய். கறுத்துவிடுவேன் என்று வெயிலும் படாமல் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறாய். வெயில் படாவிட்டால் வைட்டமின் டி ஏது? அது இல்லாமல் சாப்பிடுகிற கால்சியமும் சரியாக ஒட்டாது. கறுப்பு என்றால் குறைச்சல் என்று உனக்குச் சொன்னதும் நம் வீட்டு ஆட்கள்தானே.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எள்ளுருண்டை பிடித்துக் கொண்டுவருவேன். நீ எத்தனை சாப்பிடுகிறாய் என்று எண்ண மாட்டேன். சாயங்காலம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மனநல ஆலோசகர் ஒருவரும் அங்கே இருக்கிறார். அவரிடம் என்னைப் பற்றியும் சொல், எதையும் மறைக்காதே. நான் உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா